'கன்சர்வேடிவ்' வேட்பாளர் என்றால் யார்? டெக்சாஸின் ஒரு தொகுதி சொல்லும் பதில்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் டெம்பிள் நகரை மையமாகக் கொண்டது, மாநிலப் பிரதிநிதிகள் சபையின் 55ஆம் தொகுதி. 2014 முதல் 2024 வரை பத்தாண்டுகளில் அந்தத் தொகுதியில் பதவியில் இருந்த உறுப்பினர்கள் மூன்று முறை தோற்கடிக்கப்பட்டார்கள். தோற்கடித்தவர்கள் எதிர்க்கட்சியினர் அல்லர், சொந்தக் கட்சியினர்தான். 2014இல் ரால்ஃப் ஷெஃபீல்டை மாலி வைட் வென்றார். 2016இல் மாலி வைட்டை ஹியூ ஷைன் வென்றார். 2024இல் ஹியூ ஷைனை ஹிலரி ஹிக்லண்ட் வென்றார். எல்லோரும் குடியரசுக் கட்சியினர். வாக்குக் கேட்டு வந்தபோது எல்லோரும் தம்மைக் கன்சர்வேடிவ், அதாவது பழமைவாதக் கொள்கையுடையவர் என்றே சொல்லிக்கொண்டார்கள்.

டல்லாஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் பகுதிகளில் குடியேறியுள்ள நம் பிள்ளைகள், உறவினர்கள் பலருக்குத் தேர்தல் வந்தாலே ஒரு குழப்பம் வருகிறது. "இவர் கன்சர்வேடிவ், ஆகவே நமக்கு எதிரி" என்கிறார் ஒருவர். "குடும்ப ஒழுக்கம், கருக்கலைப்பு, மதப் பள்ளிக்கூடம் எல்லாவற்றிலும் அவர் நம் பக்கம்தானே?" என்கிறார் இன்னொருவர். இரண்டு பேச்சும் அரைகுறையானவை. அந்த ஒரு சொல்லை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பதற்கு 55ஆம் தொகுதியே போதும்.

அமெரிக்க நாடாளுமன்றத்துக்கும் மாநில சட்டமன்றத்துக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். விசா, கிரீன் கார்டு, வெளியுறவு, பாலஸ்தீன விவகாரம் போன்றவை வாஷிங்டனின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. டெக்சாஸ் சட்டமன்றத்துக்கு நிற்பவர் எச்-1பி விசாவைப் பற்றி மேடையில் எவ்வளவு ஆவேசமாகப் பேசினாலும், ஒரே ஒரு விசாவைக்கூட அவரால் தரவோ தடுக்கவோ முடியாது. பள்ளிக்கல்வி, சொத்து வரி, துப்பாக்கிச் சட்டம், திருமணம் மற்றும் விவாகரத்துச் சட்டம், கருக்கலைப்பு, நிலம் வாங்குவது ஆகியவை அவர் கையில் இருக்கின்றன. அன்றாட வாழ்க்கையைத் தொடுவது பெரும்பாலும் இந்தப் பட்டியல்தான்.

டெக்சாஸ் சட்டமன்றத்தில் பிரதிநிதிகள் சபைக்கு 150 பேர், செனட்டுக்கு 31 பேர். பிரதிநிதிகளின் பதவிக்காலம் இரண்டே ஆண்டுகள். வழக்கமான கூட்டத்தொடர் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும், அதிகபட்சம் 140 நாள் நடக்கும். சம்பளம் மாதம் 600 டாலர், கூட்டம் நடக்கும் நாட்களுக்குத் தனியாகப் படி. நம்மூர் எம்.எல்.ஏ.வை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் இது வியப்பாக இருக்கும். வேறு தொழிலோ சொத்தோ இல்லாதவர் அங்கே இந்தப் பதவியில் காலம் தள்ளுவது கடினம்.

ஒரே தொகுதி, வெவ்வேறு முகங்கள்

மாலி வைட் கருக்கலைப்பு எதிர்ப்பு இயக்கத்திலிருந்து அரசியலுக்கு வந்தவர். 2015 ஜனவரி 29 அன்று, டெக்சாஸ் முஸ்லிம்கள் சட்டமன்றக் கட்டடத்துக்குச் சென்று உறுப்பினர்களைச் சந்திக்கும் நிகழ்வு நடந்தது. வந்தவர்களில் பள்ளிச் சிறுவர் சிறுமியரும் இருந்தனர். அன்று அவர் தம் அலுவலக வரவேற்பு மேசையில் இஸ்ரேல் கொடியை வைத்தார். முஸ்லிம்கள் யாராவது வந்தால், பயங்கரவாத அமைப்புகளைக் கண்டித்து அமெரிக்காவுக்கும் அதன் சட்டங்களுக்கும் விசுவாசத்தை அறிவிக்கும்படி கேட்குமாறு ஊழியர்களிடம் சொல்லியிருப்பதாக முகநூலிலும் எழுதினார். வரிகட்டும் குடிமக்கள் தம் பிரதிநிதியைப் பார்க்க வந்த இடத்தில் கிடைத்த மரியாதை இது. அப்போதைய சபாநாயகர் ஜோ ஸ்ட்ராஸ், அவரும் குடியரசுக் கட்சிக்காரர், சட்டமன்றத்துக்கு வருவோர் அனைவரையும் மதிப்புடன் நடத்துவது உறுப்பினர்களின் பொறுப்பு என்று வெளிப்படையாகவே கண்டித்தார்.

அடுத்த ஆண்டே மாலி வைட் பதவி இழந்தார். ஹியூ ஷைன் அவரை வென்றது இருநூறுக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில். கொடி விவகாரம்தான் காரணம் என்று சொல்ல ஆதாரம் இல்லை. அப்படி மிகைப்படுத்திப் பெருமைப்படவும் வேண்டாம். ஆனால் ஒரு பெரிய பள்ளிவாசலின் ஜும்ஆ தொழுகைக்கு வரும் கூட்டத்தைவிடச் சிறிய எண்ணிக்கை ஓர் உறுப்பினரின் பதவியை முடிவு செய்தது என்பது மட்டும் உண்மை.

ஷைனும் கன்சர்வேடிவ்தான். ஆனால் 2023 நவம்பர் 17 அன்று அவர் அளித்த ஒரு வாக்கு அவருடைய அரசியல் வாழ்க்கையை முடித்தது. பெற்றோர் தம் பிள்ளைகளைத் தனியார் பள்ளியில் சேர்க்க அரசுப் பணம் தரும் 'வவுச்சர்' திட்டத்தை ஆளுநர் கிரெக் அபாட் கொண்டுவர முயன்றார். கல்வி மசோதாவிலிருந்து அந்தப் பகுதியை நீக்கும் திருத்தத்தை ஜான் ரேனி என்ற குடியரசுக் கட்சி உறுப்பினரே முன்மொழிந்தார். 84க்கு 63 என்ற கணக்கில் திருத்தம் நிறைவேறியது. ஜனநாயகக் கட்சியினருடன் சேர்ந்து அதற்கு வாக்களித்த குடியரசுக் கட்சியினர் 21 பேர். ஷைன் அவர்களில் ஒருவர்.

இந்த 21 பேரில் பலர் சிற்றூர்களின் பிரதிநிதிகள். டெக்சாஸின் சிற்றூர்களில் அரசுப் பள்ளி வெறும் பள்ளிக்கூடம் அல்ல. ஊரிலேயே அதிகம் பேருக்கு வேலை தருவது பல இடங்களில் அதுதான். வெள்ளிக்கிழமை இரவு கால்பந்தாட்டத்துக்கு ஊரே அங்கேதான் கூடும். பக்கத்தில் தனியார் பள்ளியே இல்லாத ஊரில் வவுச்சரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது அவர்கள் தரப்பு. இருப்பதைக் காப்பதும் பழமைவாதம்தான் என்று அவர்கள் நினைத்தார்கள்.

ஆளுநர் விடவில்லை. (அமெரிக்காவில் ஆளுநர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர், நம் முதலமைச்சருக்கு நிகரானவர் என்று வைத்துக்கொள்ளலாம்.) வவுச்சரை ஆதரிக்கும் பென்சில்வேனியாவின் பெரும் கோடீஸ்வரர் ஜெஃப் யாஸ், அபாட்டின் தேர்தல் நிதிக்கு 2023 டிசம்பரில் மட்டும் 60 லட்சம் டாலர் கொடுத்தார். 2024 மார்ச் 5 அன்று நடந்த உட்கட்சித் தேர்தலில் ஒன்பது குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் பதவி இழந்தனர். மே மாத இரண்டாம் சுற்றில் மேலும் ஆறு பேர். இந்தப் பதினைந்து பேரில் பெரும்பாலோர் வவுச்சரை எதிர்த்தவர்கள். ஷைனின் இடத்துக்கு ஆளுநரின் ஆதரவுடன் ஹிக்லண்ட் வந்தார். பெற்றோர் உரிமை, பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை என்பவை அவருடைய முழக்கங்கள்.

முஸ்லிம்களை வாசலில் விசாரித்தவரும், அரசுப் பள்ளியைக் காத்தவரும், தனியார் பள்ளிக்கு அரசுப் பணம் கேட்டவரும் ஒரே பெயர்ப்பலகையின் கீழ்தான் நின்றார்கள்.

வவுச்சர்: நமக்கு லாபமா?

2025 மே 3 அன்று வவுச்சர் மசோதா, எஸ்.பி. 2, சட்டமானது. முதற்கட்ட ஒதுக்கீடு 100 கோடி டாலர். தனியார் பள்ளியில் சேரும் மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 10,000 டாலர், மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கு 30,000 டாலர் வரை, வீட்டில் வைத்துக் கற்பிப்போருக்கு 2,000 டாலர் வரை கிடைக்கும். 2026-27 கல்வியாண்டிலிருந்து தொடக்கம்.

டல்லாஸிலும் ஹூஸ்டனிலும் பிள்ளைகளை இஸ்லாமியப் பள்ளியில் படிக்க வைக்க மாதாமாதம் மூச்சுத்திணறும் பெற்றோருக்கு இது நல்ல செய்தியாகத் தெரிந்தது. கிறித்தவப் பள்ளிக்குக் கிடைப்பது நம் பள்ளிக்கும் கிடைக்க வேண்டும் என்பதே சட்டத்தின் நேரான பொருள். ஆனால் 2025இன் இறுதியில், திட்டத்தை நடத்தும் மாநிலக் கருவூலத் தலைவர் கெல்லி ஹான்காக், சில பள்ளிகளை விலக்கி வைக்கத் தமக்கு அதிகாரம் உண்டா என்று மாநிலத் தலைமை வழக்கறிஞரிடம் கருத்துக் கேட்டார். கேர் என்ற முஸ்லிம் உரிமை அமைப்பின் நிகழ்ச்சிகள் நடந்த இடங்களோடு தொடர்புடைய பள்ளிகள் அவர் குறிப்பிட்டவற்றில் அடங்கும். அதற்குச் சற்று முன், 2025 நவம்பரில், ஆளுநர் அபாட் அந்த அமைப்பை மாநில அளவில் பயங்கரவாத அமைப்பாக அறிவித்திருந்தார். அமெரிக்க மத்திய அரசின் பயங்கரவாதப் பட்டியலில் கேர் இல்லை.

ஆகவே 'பள்ளித் தேர்வு உரிமை' என்று ஒரு வேட்பாளர் சொன்னால் கைதட்டிவிட்டு வந்துவிடக் கூடாது. எழுந்து நின்று, "இஸ்லாமியப் பள்ளிக்கும் இதே உரிமை உண்டா?" என்று கேட்க வேண்டும். உண்டு, இல்லை என்று ஒரே சொல்லில் பதில் வர வேண்டிய கேள்வி அது. சுற்றி வளைத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

உயிர், வரி, துப்பாக்கி

கருக்கலைப்பைப் பற்றி நம்மவர்கள் பலர் 'இதில் அவர்கள் சொல்வதும் மார்க்கம் சொல்வதும் ஒன்று' என்கிறார்கள். ஓரளவு நெருக்கம் உண்டு, ஒன்று அல்ல. டெக்சாஸில் 2022 ஆகஸ்ட் 25 முதல் நடைமுறையில் உள்ள சட்டம் கருவுற்ற நேரத்திலிருந்தே தடை விதிக்கிறது. தாயின் உயிருக்கு ஆபத்து அல்லது உடலின் முக்கிய இயக்கத்துக்குக் கடும் பாதிப்பு நேரும் நிலைக்கு மட்டும் விலக்கு. வன்கொடுமைக்கு ஆளான பெண்ணுக்கு விலக்கு இல்லை. நம் ஃபிக்ஹு மரபிலோ, காரணமில்லாத கருக்கலைப்பை அறிஞர்கள் கடுமையாகத் தடுத்தாலும், ரூஹ் ஊதப்படும் 120 நாள் என்ற எல்லைக்கு முன், பின் என்று பிரித்து மத்ஹபுகளுக்கிடையே விரிவான கருத்து வேறுபாடு இருக்கிறது. தாயின் உயிர் முதலில் என்பதில் பொதுவான உடன்பாடு உண்டு. டெக்சாஸில் சிக்கலே அங்குதான் வந்தது. விலக்கின் எல்லை தெளிவில்லாததால், சிறைத் தண்டனைக்கு அஞ்சிய மருத்துவர்கள் சிகிச்சையைத் தாமதித்ததாகப் புகார்கள் எழுந்தன. 2025இல் குடியரசுக் கட்சியினரே அந்த விலக்கைத் தெளிவுபடுத்தி ஒரு சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. "நான் உயிரின் பக்கம்" என்று பிரசுரத்தில் அச்சடித்திருக்கும் வேட்பாளர் அந்தச் சட்டத்துக்கு எப்படி வாக்களித்தார் என்பது, டெக்சாஸில் பிள்ளை பெறப்போகும் நம் பெண்களின் பெற்றோர் பார்க்க வேண்டிய விஷயம்.

வரி விஷயம் எளிது. டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. தனிநபர் வருமான வரியைத் தடுக்கும் அரசியலமைப்புத் திருத்தத்துக்கு 2019இல் மக்கள் ஒப்புதல் தந்தார்கள். அதற்கு ஈடாகச் சொத்து வரி கனமானது, அரசுப் பள்ளிகள் பெரிதும் அதில்தான் ஓடுகின்றன. சொந்த வீட்டில் குடியிருப்போருக்குப் பள்ளி வரியில் விலக்களிக்கப்படும் மதிப்பு 2023இல் 40,000 டாலரிலிருந்து 1,00,000 டாலராகவும், 2025இல் 1,40,000 டாலராகவும் உயர்ந்தது. வீடு வாங்கியவர்களுக்கு நேரடி நன்மை. வாடகைக்கு இருக்கும் புதுக் குடும்பங்களுக்கு அப்படி எதுவும் இல்லை. அரசுப் பள்ளிக்குப் போகும் வரியைக் குறைத்து, வவுச்சருக்கும் பணம் தந்தால் அரசுப் பள்ளியின் கதி என்ன என்ற கேள்விக்கு இரு தரப்பும் வெவ்வேறு கணக்குச் சொல்கின்றன.

துப்பாக்கியைப் பொறுத்தவரை, சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ள 21 வயது நிறைந்தவர் 2021 செப்டம்பர் 1 முதல் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி ஏந்தலாம். பெரும்பாலான கன்சர்வேடிவ் வேட்பாளர்களின் நிலை இதுவே. வேறு பதில் எதிர்பார்க்க வேண்டாம். பள்ளிவாசல் நிர்வாகங்கள் பாதுகாப்புச் செலவைக் கூட்டிக்கொண்டே போவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்பதை அங்குள்ள ஜமாஅத்தார்தான் சொல்ல வேண்டும்.

வகுப்பறையில் மதம்

2025இல் வந்த எஸ்.பி. 10 சட்டம் ஒவ்வொரு அரசுப் பள்ளி வகுப்பறையிலும் பைபிளின் பத்துக் கட்டளைகளை மாட்டச் சொல்கிறது. யூத, கிறித்தவப் பெற்றோர் உட்படப் பலர் வழக்குத் தொடர்ந்தார்கள். பல பள்ளி மாவட்டங்களில் நீதிமன்றம் தடையும் விதித்தது. அதே ஆண்டு வந்த எஸ்.பி. 11, பள்ளி வேளையில் பிரார்த்தனைக்கும் வேதம் வாசிக்கவும் நேரம் ஒதுக்குவதா என்று ஒவ்வொரு பள்ளி வாரியமும் வாக்கெடுக்க வேண்டும் என்கிறது. பெற்றோர் எழுத்தில் சம்மதம் தந்த மாணவர்கள் மட்டுமே கலந்துகொள்ளலாம். இச்சட்டம் எந்த ஒரு மதத்துக்கும் மட்டும் உரியதல்ல. லுஹர் தொழுகைக்கு இடம் கேட்டு அலையும் மாணவனுக்கு இது வழியாகலாம். பெரும்பான்மைப் பிரார்த்தனைக்கு நடுவே தனியாக உட்காரும் சங்கடமாகவும் ஆகலாம். அதை முடிவு செய்வது பள்ளி வாரியம். அதற்கும் தேர்தல் உண்டு, வேட்பாளர்கள் உண்டு, நம்மவர்கள் பெரும்பாலும் எட்டிப் பார்ப்பதில்லை.

'ஷரீஅத் தடை' என்னும் முழக்கம்

நம் குடும்பங்களை அதிகம் பதற வைப்பது இதுதான். 2015இல் டல்லாஸ் பகுதியில் முஸ்லிம்கள் தமக்குள் குடும்பத் தகராறுகளைச் சமரசம் பேசித் தீர்க்கும் ஒரு நடுவர் குழு இருப்பது தெரியவந்தபோது, 'டெக்சாஸில் ஷரீஅத் நீதிமன்றம்' என்று வதந்தி கிளம்பியது. விரும்பியவர் மட்டும் போகும், மாநிலச் சட்டத்துக்கு உட்பட்ட குழு அது. ஆனாலும் இர்விங் நகர மன்றம், வெளிநாட்டுச் சட்டத்துக்குத் தடை கோரிய மாநில மசோதாவை 5க்கு 4 என்ற கணக்கில் ஆதரித்துத் தீர்மானம் போட்டது. 2017இல் எச்.பி. 45 என்ற சட்டம் நிறைவேறியது. அதில் இஸ்லாம் என்ற சொல்லே இல்லை. திருமணம், குழந்தைப் பராமரிப்பு வழக்குகளில் வெளிநாட்டுச் சட்டத்தை ஏற்பது பற்றி மாநில உச்ச நீதிமன்றம் விதிமுறை வகுக்க வேண்டும் என்கிறது, அவ்வளவே. ஊரில் நிக்காஹ் முடித்து, மஹர் எழுதி, அங்கே வாழும் தம்பதியருக்கு ஒரு வழக்கு என்று வந்தால் அந்த விதிமுறைகள் பொருந்தும். தொழுகை, நோன்பு, நிக்காஹ் எதற்கும் தடை இல்லை. அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் இருக்கும்வரை எந்த மாநில உறுப்பினராலும் அப்படித் தடுக்க முடியாது.

2025இல் கதை மீண்டும் நடந்தது. கிழக்கு பிளேனோ இஸ்லாமிய மையத்தைச் சேர்ந்தவர்கள் ஜோசஃபைன் அருகே 402 ஏக்கரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், பள்ளிவாசல், பள்ளிக்கூடம் கொண்ட குடியிருப்பைத் திட்டமிட்டனர். ஆளுநர் அடுத்தடுத்துப் பல விசாரணைகளை அறிவித்தார். மத்திய நீதித்துறையும் விசாரித்தது. 2025 ஜூனில் குற்றச்சாட்டு எதுவும் இல்லாமல் அதை முடித்துக்கொண்டது. ஆனாலும் எச்.பி. 4211 என்ற சட்டம் வந்தது. நிறுவனம் ஒன்றின் வழியாகப் பங்கு விற்று உருவாக்கப்படும் குடியிருப்புகளுக்கு அது கட்டுப்பாடு விதிக்கிறது. மேடையில் அது 'ஷரீஅத் குடியிருப்புக்குத் தடை' என்றே விற்கப்பட்டது. சட்ட வாசகம் ஒன்று, மேடைப் பேச்சு இன்னொன்று. வாசகம் மட்டும் தெரிந்தவர் ஆபத்தைக் குறைத்து மதிப்பிடுவார், பேச்சை மட்டும் கேட்டவர் தேவைக்கு மேல் அஞ்சுவார்.

கட்சிக்குள்ளேயே இதில் ஒருமித்த குரல் இல்லை. ஃபோர்ட் வொர்த் அமைந்துள்ள டாரன்ட் கவுண்டியில் குடியரசுக் கட்சியின் துணைத் தலைவராக ஷாஹித் ஷஃபி என்ற முஸ்லிம் அறுவை சிகிச்சை மருத்துவர் நியமிக்கப்பட்டபோது, முஸ்லிம் என்பதற்காகவே அவரை நீக்கச் சிலர் தீர்மானம் கொண்டுவந்தனர். 2019 ஜனவரியில் வாக்கெடுப்பு நடந்தது. அவரை நீக்கக் கூடாது என்று 139 பேரும், நீக்க வேண்டும் என்று 49 பேரும் வாக்களித்தனர். 139 ஆறுதலான எண்தான். ஆனால் 49 பேர் கைதூக்கினார்களே என்பதும் நினைவில் இருக்கட்டும்.

யார் வாக்களிக்கலாம், யார் கூடாது

55 போன்ற தொகுதிகளில் நவம்பர் பொதுத்தேர்தல் பெரும்பாலும் சம்பிரதாயம். மார்ச் மாத உட்கட்சித் தேர்தலில் வென்றவரே உறுப்பினர் ஆகிறார். டெக்சாஸில் வாக்காளராகப் பதியும்போது கட்சியைக் குறிப்பிட வேண்டியதில்லை. வாக்குச்சாவடியில் எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும் என்று கேட்டு வாங்கலாம். ஒரு தேர்தலில் ஒரு கட்சிக்கு மட்டும். 2024 மார்ச்சில் பதிவு செய்த வாக்காளர்களில் வாக்களித்தவர்கள், இரு கட்சிகளையும் சேர்த்து, சுமார் 18 விழுக்காடுதான். அடுத்த ஆண்டு வவுச்சர் சட்டமாவதற்கு வழிவிட்டது அந்த 18 விழுக்காடு. தேர்தலுக்கு 30 நாள் முன்பே பெயரைப் பதிந்திருக்க வேண்டும் என்பதால், ரமலானிலோ பள்ளி விடுமுறையிலோ கவனம் போய்விட்டால் வாய்ப்பும் போய்விடும்.

இதெல்லாம் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்களுக்கு. விசாவில் இருப்பவரும் கிரீன் கார்டு வைத்திருப்பவரும் மாநிலத் தேர்தலில் வாக்களிப்பது குற்றம். நாடு கடத்தப்படவும் அது காரணமாகலாம். ஓட்டுநர் உரிமம் எடுக்கும் அலுவலகத்தில் "வாக்காளராகப் பதிய விருப்பமா?" என்று கேட்டு நீட்டும் படிவத்தில், 'குடிமகன்' என்ற கட்டத்தில் அவசரத்தில் குறியிட்டுவிட வேண்டாம் என்று அங்கு புதிதாகப் போயிருக்கும் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்லுங்கள். வேட்பாளருக்கு நிதி தருவதிலும் வரம்பு உண்டு: கிரீன் கார்டு உள்ளவர் தரலாம், விசாவில் இருப்பவர் தரக் கூடாது. ஆனால் சட்டமன்றக் குழுவின் விசாரணைக்குப் போய் ஒரு மசோதாவைப் பற்றிக் கருத்துச் சொல்லவும், வேட்பாளரின் கூட்டத்துக்குப் போய்க் கேள்வி கேட்கவும் குடியுரிமை தேவையில்லை. 2015இல் மாலி வைட்டின் வாசலில் நின்ற முஸ்லிம்கள் அதற்குப் பிறகும் ஆஸ்டினுக்குப் போவதை நிறுத்தவில்லை. 2022 தேர்தலில் சல்மான் போஜானி, சுலைமான் லலானி ஆகிய இருவர் டெக்சாஸ் பிரதிநிதிகள் சபையின் முதல் முஸ்லிம் உறுப்பினர்களாக வென்றார்கள். 2023 ஜனவரியில் அதே கட்டடத்தில் பதவியேற்றார்கள்.